மெயின்னு ஒரு பெட்டி

என் தம்பி வெப்சைட் பண்றவன். எங்க ஏரியாவுல பாதிக் கடைக்கு அவன்தான் பண்ணிக்கொடுத்திருக்கான். கோடிங் எல்லாம் எழுத மாட்டான். பெட்டிய இழுத்து வைக்கிறது, அதுக்குள்ள படத்தை இழுத்து வைக்கிறது, கலரை மாத்துறது, அவ்வளவுதான். முடிச்சதும் "அழகா இருக்கா?"ன்னு என்கிட்டயே கேப்பான். எனக்குப் பிறந்ததுலேருந்து கண்ணு தெரியாது. கேட்டுட்டு நாக்கைக் கடிச்சுக்குவான், அடுத்த வாரம் திரும்பவும் கேப்பான். நானும் "பிரமாதம்டா, அந்த நீலம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு"ன்னு சொல்லி வைப்பேன். ஒரு தடவை அதை நம்பி நிஜமாவே நீலத்தைக் குறைச்சுட்டான்.

எனக்கு வானொலி நிலையத்துல வேலை. பேட்டி கொடுக்கிறவங்களோட இருமலையும் இழுவையையும் வெட்டி எறியறவ நான். கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு ஒரு குரல் எனக்குப் படிச்சுக்காட்டும். அதுக்கு வாயாடின்னு பேர் வச்சிருக்கேன். நான் வச்சிருக்கிற வேகத்துல அது பேசினா மத்தவங்களுக்கு ஒரு எழவும் புரியாது. எனக்கு அந்த வேகம் பத்தாது.

தெருமுனைல ஒரு நீச்சல் குளம் இருக்கு. பெரியவங்களுக்கு அடிப்படையிலேருந்து சொல்லிக்கொடுக்கிற வகுப்பு அங்க உண்டு. அதுல சேரணும்னு எனக்கு அப்படி ஒரு ஆசை. சின்ன வயசுல பெரியப்பா பிள்ளைங்க, சித்தப்பா பிள்ளைங்க எல்லாம் தண்ணியில குதிச்சுக் கூத்தடிக்கும்போது, அம்மா என்னைப் படிக்கட்டுல உக்கார வச்சு, "நீ துண்டை எல்லாம் பாத்துக்கோ செல்லம்"னு சொல்லுவா. கண்ணு தெரியாதவகிட்ட பாத்துக்கோங்கிறா, என்னத்த சொல்ல. பயத்துல சொன்னா, தெரியும். ஆனா எனக்கு அப்போ வந்த கோவம் இன்னும் தணியலை.

வகுப்புல சேர வெப்சைட்லதான் பேர் போடணும். சனிக்கிழமை காலைல பத்து மணிக்குத் திறப்பாங்க, காபி ஆறுறதுக்குள்ள இடமெல்லாம் தீந்துடும். அந்த வெப்சைட்டும் என் தம்பி கைவண்ணம்தான். போன தடவை நானே போட உக்காந்தேன். பக்கம் திறந்ததும் வாயாடி ஆரம்பிச்சா: முகப்பு, எங்களைப் பற்றி, படங்கள், விதிமுறைகள், தண்ணீரின் வெப்பநிலை, குளியல் தொப்பி கட்டாயம், குளத்தில் உணவு கூடாது. அப்புறம் வரிசையா படங்கள், எல்லாத்துக்கும் "படம், படம், படம்". நான் ஒவ்வொண்ணா தள்ளிக்கிட்டே படிவத்துக்கு வந்து சேர்ந்தா, "இடங்கள் நிறைந்துவிட்டன". அதுக்கு முந்தின தடவையும் இதே கதை.

"நான் போட்டுத் தரேங்கா, ரெண்டு நிமிஷ வேலை"ன்னான் தம்பி.

"வேணாம்."

"யார் போட்டா என்ன?"

"நீந்தப்போறது யாரு? நீயா? என்னை ஒருத்தர் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சதெல்லாம் போதும். என் பேரை நான்தான் போடுவேன்."

இந்தத் தடவையும் விட்டா அடுத்த வகுப்புக்கு மழைக்காலம் முடியணும். அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவன் அறைக்குள்ள போய் உக்காந்துட்டேன். அவன் பொண்டாட்டியும் வந்து கட்டில்ல சாஞ்சுக்கிட்டா. பேக்கரியில கேக் அலங்காரம் பண்றவ, எப்பவும் அவமேல வெண்ணிலா வாசனை அடிக்கும். எங்க சண்டைன்னா அவளுக்கு டிவி வேண்டாம்.

"இதோ பாரு,"ன்னேன். "கீபோர்டுல வாயாடிக்குன்னு ஒரு சாவி உண்டு. அதை அமுக்கினா வெப்சைட் பக்கத்துல முக்கியமான பகுதி எங்க ஆரம்பிக்குதோ அங்க நேரா தாவிடும். ஆனா அது எந்தப் பகுதின்னு கட்டினவன் சொல்லி வச்சிருக்கணும். நீ சொன்னியா?"

"சொல்லியிருக்கேங்கா. மெயின்னு போட்டிருக்கேன். சோதனை பண்ற கருவியில எல்லாம் சரின்னு பச்சை வந்துச்சு."

நான் சாவியை அமுக்கினேன். "மெயின்,"னா வாயாடி. "முகப்பு. எங்களைப் பற்றி. படங்கள்."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"எதுக்குடா மெயின் போட்ட?"

அவன் இழுத்து இழுத்துச் சொன்னான். அந்தக் கருவி முதல்ல சிவப்பு காட்டியிருக்கு, பக்கத்துல மெயின் இல்லைன்னு. இவன் எல்லாத்தையும் வெளியிலேருந்து சுத்தி இருக்கிற பெரிய பெட்டியைத் தேடிப் புடிச்சு, அதோட அமைப்புல மெயின்னு மாத்தியிருக்கான். உடனே பச்சை. மெனு, அறிவிப்பு, படம், தொப்பி, எல்லாம் அதுக்குள்ள.

"வீட்டு வாசல்ல 'சமையலறை'ன்னு போர்டு மாட்டுன மாதிரி,"ன்னா கட்டில்லேருந்து அவன் பொண்டாட்டி. "பசிக்குதுன்னு வர்றவங்க வாசல்லயே நிக்க வேண்டியதுதான்."

"நீ சும்மா இரு,"ன்னான் அவன். நான் சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கோவமா வந்தவ நான், அதையே மறந்துட்டேன்.

வேலை ஆரம்பிச்சது. வெளிப்பெட்டிய பழையபடி சாதாரணப் பெட்டியாக்கினான். மெனு தனியா மேல ஒரு பெட்டி. அறிவிப்பு தனியா ஒரு பெட்டி. நடுவுல காலியா ஒரு புதுப் பெட்டி போட்டு, அதுக்கு மட்டும் மெயின்னு கொடுத்தான். இனி வகுப்போட தலைப்பும் விவரமும் பதிவுப் படிவமும் அதுக்குள்ள போகணும். இழுத்தான். படிவம் நழுவி அறிவிப்புக்குள்ள விழுந்துச்சு. திரும்ப இழுத்தான், அடிப்பகுதில போய் முகவரிக்குக் கீழ உக்காந்துச்சு.

"கை ஏன் இப்படி வழுக்குது? பரீட்சையா எழுதுற?"ன்னா அவ.

"நீங்க ரெண்டு பேரும் பின்னாடி உக்காந்து மூச்சு விட்டா எனக்கு எப்படி வேலை ஓடும்?"

கடைசில இடது பக்கத்துல பெட்டிகளோட பேரெல்லாம் வரிசையா இருக்குமாம், அதுலயே புடிச்சு உள்ள தள்ளினான். சேமிச்சான். "அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. பாக்க ஒண்ணுமே மாறலை. அப்படியேதான் இருக்கு."

"உனக்கு,"ன்னேன். சாவியை அமுக்கினேன்.

"மெயின்,"னா வாயாடி. "பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பு. தலைப்பு."

அடுத்து விவரம். அதுக்கு அடுத்து "பெயர், எழுத்துப் பெட்டி". நான் திரும்பத் திரும்ப பக்கத்தைத் திறந்து திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் தொப்பியும் வெப்பநிலையும் இல்லாம நேரா அங்க போய் நின்னேன். எனக்குச் சந்தோஷம் தாங்கலை, அவன் தலையைப் புடிச்சு ஆட்டினேன். "விடுக்கா, முடி,"ன்னான்.

அப்பவே குளத்து மேனேஜர் போன் பண்ணினார். "தம்பி, நம்ம வெப்சைட்ல ஏதோ வேலை நடக்குதுன்னு எனக்குத் தகவல் வந்துச்சு. பாத்தேன், ஒரு மாத்தமும் தெரியலையே?" இவன் என் பக்கம் திரும்பின சத்தம் நாற்காலியில கேட்டுச்சு. "ரொம்ப நல்லா வந்திருக்கு சார்,"ன்னு சொல்லி வச்சுட்டான்.

தூங்கப் போறதுக்கு முன்னாடி அவன் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கினேன். நாளைக்கு அவன் என் பேரைப் போடக் கூடாது. எனக்குக் கிடைக்கலைன்னாலும் போடக் கூடாது. "சரிக்கா, சத்தியமா,"ன்னான். குரல்ல ஒரு சுரம் குறைஞ்சுது. இருமலை வெட்டுறவ காதுக்கு அதெல்லாம் தப்பாது, ஆனா விட்டுட்டேன்.

சனிக்கிழமை காலைல என் அறைக் கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். அவன் அவன் அறையில. பத்தாச்சு. பக்கத்தைத் திறந்தேன், சாவி, தலைப்பு, பெயர், போன் நம்பர், வயசு. வயசுல மட்டும் கொஞ்சம் கைவரிசை காட்டலாமான்னு தோணுச்சு, வேணாம்னு உண்மையைப் போட்டேன். அனுப்புன்னு அமுக்கினேன்.

வாயாடி ஒரு நொடி வாயை மூடினா. அப்புறம், "உங்கள் பதிவு ஏற்கப்பட்டது,"ன்னா.

நான் அதை இன்னொரு தடவை படிக்க வச்சேன். அப்புறம் வேகத்தைக் குறைச்சு, எல்லாருக்கும் புரியுற மாதிரி நிதானமா, இன்னொரு தடவை. கத்தணும்போல இருந்துச்சு, கத்தலை. கொஞ்ச நேரம் நான் மட்டும் வச்சுக்கலாம்னு நாற்காலியில சாஞ்சு காலை நீட்டிக்கிட்டேன்.

அவன் அறைக் கதவு திறந்துச்சு. அப்புறம் என் கதவு. வாசல்லயே நின்னான், செருப்பு தரையில தேய்ஞ்சுது. பின்னாலேயே வெண்ணிலா வாசனையும் வந்து நின்னுச்சு.

"அக்கா, திட்டாத,"ன்னான். "சத்தியத்தை மீறிட்டேன். உனக்கு இந்தத் தடவையும் கிடைக்காம போயிடுமோன்னு பயம். பத்து அடிச்சதும் உன் பேரைப் போட்டேன். மவுஸ் இருக்கு, கண்ணு இருக்கு, பக்கத்தைக் கட்டினவனே நான்தான். அப்படியும் விடலை. உன் பேர்ல, உன் நம்பர்ல ஏற்கனவே யாரோ போட்டுட்டாங்கன்னு சொல்லுதுக்கா."

"யாரோ இல்லடா,"ன்னேன். "நான்தான்."