கருகரு முடி

தையல் கடையில் பொத்தான் தைக்கும் அவளை எல்லோரும் வெள்ளச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே வெளுத்த தோல். முடி மட்டும் வைக்கோல் நிறம். துணியை மூக்கோடு ஒட்டிவைத்துத்தான் ஊசி குத்துவாள். எதிர்க்கடை ரேடியோ மெக்கானிக்குக்கோ தோலோடு முடி, புருவம், இமைமுடி எல்லாமே பஞ்சு வெள்ளை. வெயிலுக்குப் பயந்து ஒரே நிழலில் ஒதுங்கியதில் பேச்சு வளர்ந்து, கல்யாணத்தில் முடிந்தது. "வீட்டுக்கு வெள்ளையடிக்கவே வேண்டாம்" என்று தையல்காரர் கேலி செய்தார். அவளும் சிரித்தாள்.

பிறந்த பெண் குழந்தை மாநிறம். தலை நிறையக் கருகருவென்று முடி.

"வெள்ளைக்கும் வெள்ளைக்கும் இது எப்படிடி பொறக்கும்?" என்றாள் மாமியார்.

"உங்க மகதாங்க. என் முகத்தப் பாருங்க," என்று புருஷனிடம் கெஞ்சினாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு போய்விட்டான்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே பொத்தான் தைத்தாள். கடைக்கு வந்தவர்கள் ஜாடை தேடினார்கள். அவள் கண்கள் ஓயாமல் ஆடும். குழந்தையின் கண்களோ ஆடாமல் அவளையே பார்த்தன. பெற்றவளுக்கே அந்தப் பார்வை புதுசாக இருந்தது. அதைச் சொல்ல ஆளில்லை.

குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் புருஷனுக்கு ஆளனுப்பினார். மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தான் அவன்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா அவனிடம் சொன்னார்: "வெளுப்புல பல வகை இருக்கு. உங்களுது ஒண்ணு, இவங்களுது வேற. ஒரு நாட்டு ஜனங்ககிட்ட ஒரு வகை அதிகமா இருக்கும், இன்னொரு நாட்டுல இன்னொண்ணு. நிறம் கொடுக்கற ஜீன்ல உங்ககிட்ட கெட்டுப்போனது இவங்ககிட்ட நல்லா இருக்கு, இவங்ககிட்ட கெட்டது உங்ககிட்ட நல்லா இருக்கு. ரெண்டு நல்லதும் கொழந்தைக்குக் கெடைச்சிருக்கு. நிறம் வராம எப்படி? இது உங்க மகதான்."

அவன் பொலபொலவென்று அழுதான். வாசலில் அவள் கையைப் பிடித்தான்.

"தப்புப் பண்ணிட்டேன்."

"டாக்டரம்மா ஒரு தடவை சொன்னதும் நம்பிட்டீங்க. நான் எத்தனை தடவை சொன்னேன்?"

அன்றே அவன் வீட்டுக்கு வந்தான். குழந்தையைத் தோளைவிட்டு இறக்கவில்லை. மாமியாரும் வந்து, மூக்கு தன் மூக்கு என்று கொண்டாடினாள். வீடு கலகலத்தது. அவள் ஜன்னலோரம் போய், தைக்க வேண்டிய சட்டைகளை எடுத்துக்கொண்டாள். அவன் கூப்பிட்டபோது, "இதோ வரேன்" என்றாள். எழுந்திருக்கவில்லை.