கூரையில் ஒரு முடி

அக்கா கார்களுக்குப் பெயின்ட் அடிப்பாள், நான் பாலிஷ் போடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபக்காரிக்குத் தேய்க்கிற வேலைதான் சரி என்று அவளே பிரித்துக் கொடுத்தாள். பெயின்ட் அறைக்குள் ஓர் ஈ வந்தால்கூட, தலையில் துணி கட்டாமல் ஏன் வந்தாய் என்று கேட்பாள். அந்தத் திட்டை அதிகம் வாங்கியது ஈ இல்லை, நான்.

என்னை அவள் கூப்பிடுவது கிழவி என்று. நான் சின்னவள்தான். ஆனால் மூத்தவளுக்கு ஒரு நரை கிடையாது, எனக்கு முப்பதிலேயே தலை வெளுத்துவிட்டது. டை அடிப்பேன், அடித்த கையோடு அடியில் வெள்ளை எட்டிப் பார்க்கும்.

அவள் கடைசியாக அடித்தது பல் டாக்டரின் வெள்ளைக் காருக்கு. மேலே கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சும் அடித்து முடித்து, மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"கூரையில உனக்கு ஒண்ணு விட்டு வச்சிருக்கேன் கிழவி. தேடிக் கண்டுபிடி."

"என்ன, தூசியா?"

"உனக்கெல்லாம் தூசி போதுமா?" என்று சிரித்தாள்.

அன்று மாலை நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டாள்.

ஷெட்டைத் திறக்க எனக்கு மனமே வரவில்லை. புதுப் பெயின்ட் நாளாக நாளாக இறுகிப்போகும், பிறகு தேய்ப்பது இரட்டைப் பாடு. தெரிந்தும் தள்ளிப்போட்டேன். பல் டாக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு போன் செய்த பிறகுதான் போய்த் திறந்தேன்.

கிளியர் காய்ந்ததும் மேலே ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமமாக்கி, காம்பவுண்ட் பசை தடவி பாலிஷ் மெஷின் போட்டால்தான் முகம் தெரிகிற பளபளப்பு வரும். பானெட், கதவுகள், டிக்கி எல்லாம் முடித்தேன். கூரையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். ஸ்டூலில் ஏறிப் பார்த்தபோது நடுவில் இருந்தது. கிளியருக்குள் ஒரு முடி, கறுப்பாக, லேசாக வளைந்து.

அத்தனை இறுக்கிக் கட்டிய தலையிலிருந்தும் ஒன்று நழுவியிருக்கிறது. அதைத்தான் எனக்கென்று விட்டுப் போயிருக்கிறாள். பேப்பரை வாளியில் போட்டுவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அத்தானுக்குச் சொன்னேன். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு டிரைவர் சட்டையோடு வந்தார். கூரைமேல் ஒரு விரலை வைத்தார்.

"வீட்டைச் சுத்தம் பண்றோம்னு சொந்தக்காரங்க எல்லாத்தையும் எடுத்துட்டாங்கம்மா. அவ சீப்பு கூட இல்ல. தலகாணிய மோந்து பாத்தா சோப்பு வாசம்தான் வருது." வைத்த விரலை எடுக்காமலே, "இத தேச்சிராத," என்றார்.

பல் டாக்டரும் வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்தார்.

"முடி ஒண்ணு இருக்கேம்மா."

"எடுக்க முடியாது டாக்டர்."

"முடிய எடுக்க முடியாதா?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். "அது எங்க அக்காவோடது," என்றேன். ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆனா பாக்கறவங்க, உங்க அக்கா கடைசியா செஞ்ச வேலையில குறைன்னுதானே சொல்லுவாங்க?"

சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். அவர் சொன்னது சரி என்பதால் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

"முழுசா எடுத்துற முடியுமா?" என்றார் அத்தான். "நான் பர்சுல வச்சுக்கறேன்."

ஊசியும் பிளேடும் எடுத்துவந்தேன். அவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். கறுப்பு முடிகிற இடத்தில் ஊசியை வைக்கப் போனேன்.

"இரு. அங்க முடியல. இன்னும் போகுது பாரு."

சாய்ந்த வெளிச்சத்தில் தெரிந்தது. கறுப்புக்கு அப்பால் ஒரு விரற்கடை நீளம், வெள்ளைப் பெயின்டோடு பெயின்டாக, வெள்ளை முடி.

அத்தான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்குத்தான் நரையே கிடையாதே," என்றார்.

"என்னோடது அத்தான்."

அவர் டார்ச்சை அணைத்தார். கவிழ்த்து வைத்திருந்த டின்மேல் போய் உட்கார்ந்து, சாவு வீட்டில்கூட அழாத மனிதர், சட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அன்று அக்கா பார்த்திருக்கிறாள். யார் முடி என்று அவளுக்குத் தெரியாதா? நானே கண்டுபிடித்து அசடு வழிய வேண்டும் என்று திட்டாமல் விட்டிருக்கிறாள். ஒன்றாகச் சிரிக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் முடி கரைந்து காணாமல் போனது. அது கிடந்த கோடும் மறைந்தது. காம்பவுண்ட் தடவி மெஷின் போட்டேன். கூரை கண்ணாடியாகிவிட்டது.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டி முழுக்கத் தேடினேன். கதவின் உள்விளிம்பு, பெட்ரோல் மூடிக்கு அடிப்பக்கம், எங்கும். அவளுடையது ஒரு முடி, ஒரு விரல் தடம், ஒரு பிசிறு. ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாள், பாவி.

கூரையில் என் முகம்தான் தெரிந்தது, நெற்றிக்கு மேலே வெள்ளையோடு. அன்றும் தலையில் துணி கட்டாமல்தான் வந்திருந்தேன். காலையிலிருந்து யாரும் என்னைத் திட்டவில்லை.