படகுப் புத்தகத்தின் ஓரத்தில்

பேரிடர் அக்காவுக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் அந்தச் சின்ன அறைக்குள் போய் நிற்கத் தோன்றியது. அறையின் மூன்று சுவரிலும் கூரை வரைக்கும் அலமாரி. அதில் உலகத்தில் நடந்த துயரங்களெல்லாம் புத்தகங்களாக வரிசையில் நின்றன. மூழ்கிய கப்பல்கள், உடைந்த அணைகள், இடிந்த சுரங்கங்கள், ஊரையே துடைத்துக்கொண்டு போன கொள்ளைநோய்கள், முற்றுகையில் பட்டினி கிடந்த கோட்டைகள். வாசகர் குழுவில் அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

"அவங்கவங்க வீட்ல பூச்செடி வளர்ப்பாங்க. என் வீட்ல பூகம்பம் வளருது" என்பார் அவள் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளின் கூச்சலைக் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டு, எதையும் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகியிருந்தார். ஆனால் போன மாதம் அவர் சிரிக்காமல் ஒன்று சொன்னார். தனியாக இருந்த அவருடைய அக்கா இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறாள், இனி இங்கேதான் வந்து இருப்பாள். கட்டில் போட அந்தச் சின்ன அறையை விட்டால் வேறு இடம் இல்லை.

நாத்தனார்மேல் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. "வரட்டும், வராம எங்க போவாங்க" என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டு அன்று மாலையே குழுவில் அறிவித்தாள்: சரித்திரமும் பேரழிவும் இலவசம், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம், படிக்கிறவர்கள் மட்டும் வரவும், அலமாரிக்கு அழகு பார்க்கிறவர்கள் மன்னிக்கவும்.

பகலில் அவளுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. மருத்துவர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சில் மெழுகை உருக்கி ஊற்றி, பொய்ப்பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பாள். நூலளவு பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குச் சோறு இறங்காது. புத்தகத்தையும் அவள் அப்படித்தான் படிப்பாள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அவளுக்கு அக்கறையில்லை. எந்த இடத்தில் பிசகியது, யார் வாயைத் திறந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று தேடுவாள். கையில் பென்சில் இருக்கும். பக்கத்தின் ஓரத்தில் செத்தவர்களோடும் பிழைத்தவர்களோடும் சண்டை போடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆட்கள் வந்துவிட்டார்கள். பெண் கொடுக்கிற வீட்டுக்காரி மாதிரி ஒவ்வொருவரையும் விசாரித்துத்தான் கொடுத்தாள். முதலில் வந்த ரயில் டிக்கெட் பரிசோதகர் முற்றுகைப் புத்தகங்களை எல்லாம் இரண்டு பையில் அடைத்துக்கொண்டார்.

"நாள் முழுக்க ஓடற வண்டியில நிக்கிறவனுக்கு, ஒரே இடத்துல மாட்டிக்கிட்டவங்க கதை ஆறுதலா இருக்குங்க" என்றார்.

கொள்ளைநோய்களை ஒரு மருந்துக்கடைக்காரர் எடுத்தார். அணைகளைப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி தூக்கிக்கொண்டு போனது. மதியத்துக்கு மேல் ஒருத்தி வந்தாள். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் துணி அளக்கிற நாடா அப்படியே தொங்கியது. கழட்ட மறந்திருப்பாள். கடைத்தெருவில் திரைச்சீலை தைத்து விற்கிறவள். குழுவுக்குப் புதியவள், இதுவரை வாயைத் திறந்து பேசியதில்லை.

"அந்தப் படகுப் புத்தகம் இருக்குங்களா? அது மட்டும் போதும்."

கழிமுகத்தில் பயணிகளோடு கவிழ்ந்த படகைப் பற்றிய புத்தகம் அது. இப்போது எங்கும் கிடைப்பதில்லை. பேரிடர் அக்கா அதை எடுத்துத் தூசி தட்டினாள். நல்ல புத்தகம் நல்ல கைக்குப் போகிற சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது.

"படிச்சுப் பாருங்க. அந்தப் படகோட்டி பண்ணதைப் படிச்சா ரத்தம் கொதிக்கும். எச்சரிக்கைக் கொடி ஏத்தியிருக்காங்க, பொட்டைக் கண்ணன் மாதிரி படகை எடுத்துட்டான் பாவி."

"அப்படிங்களா" என்றாள் அவள். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, பல் கூடத்தில் இருக்கும்போது டிக்கெட் பரிசோதகர் கைபேசியில் அழைத்தார். படகுப் புத்தகம் இருந்தால் தனக்கு வேண்டும் என்றார்.

"அது போயிடுச்சுங்க. திரைச்சீலைக் கடைக்காரம்மா எடுத்துட்டாங்க."

எதிர்முனையில் ரயில் சத்தத்துக்கு மேல் அவர் குரல் உயர்ந்தது.

"அவங்களா? அவங்க அந்தப் படகோட்டியோட மகள் ஆச்சே. எங்க வீட்டுக்கு அவங்கதான் திரை தைச்சாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தால் அவள் ஏன் அப்படிப் பேசியிருக்கப் போகிறாள். பேச்சாவது பரவாயில்லை, காற்றோடு போய்விடும். ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாளே, அது? ஒவ்வொரு பக்கமாக ஞாபகம் வந்தது. முட்டாள் என்று ஒரு இடத்தில். பைத்தியமா என்று இன்னொரு இடத்தில். படகோட்டி கரைக்கு வந்த பக்கத்தில் எழுதியது ஞாபகம் வந்தபோது, கை பாட்டுக்கு அடுத்த பல்லை நட்டுக்கொண்டிருந்தது.

கூடத்தின் முதலாளி அவள் மேசையில் இருந்த அச்சை எடுத்துப் பார்த்தார். "இடது கோரைப் பல்லை வலது பக்கம் வெச்சிருக்கீங்களே. இதைப் போட்டுக் கடிச்சா சோறு மிஞ்சும், நாக்குதான் போகும். உடம்பு சரியில்லையா?"

"ஆமாங்க, அரை நாள் லீவு வேணும்" என்று சொல்லிவிட்டு அங்கியைக் கழற்றினாள். போகிற வழியில் ஒரு ரப்பர் வாங்கினாள். பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனாள். கையில் ரப்பரை உருட்டியபடி, என்ன சொல்லித் தொடங்குவது என்று நினைத்தாள். எப்படித் தொடங்கினாலும் நாக்கு சுட்டது.

கடை சின்னது. இரண்டு பக்கமும் துணிச்சுருள்கள், நடுவில் தையல் இயந்திரம். அவளைப் பார்த்ததும் மிதிப்பது நின்றது.

"வாங்கக்கா. திரை தைக்கணுமா?"

"இல்லம்மா. அந்தப் புத்தகம். கொஞ்ச நேரம் குடுத்தா போதும். ஓரத்துல என்னென்னமோ கிறுக்கி வெச்சிருக்கேன். அழிச்சுட்டு இப்பவே குடுத்துடறேன்."

அந்தப் பெண் அவள் கையில் இருந்த ரப்பரைப் பார்த்தாள். "யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரோ சொன்னாங்க. அன்னிக்கு நான் பேசினதும் தப்பு. எனக்குத் தெரியாதும்மா."

"விடுங்கக்கா. இந்தக் கடை வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போனவங்க உண்டு. நீங்க பென்சில்லதானே எழுதினீங்க." குரலில் கோபம் இல்லை. அதுதான் பேரிடர் அக்காவை இன்னும் சுட்டது. "ஆனா புத்தகம் இப்ப என்கிட்ட இல்ல. அப்பாகிட்ட இருக்கு."

பேரிடர் அக்கா திகைத்துப் போனாள். விசாரணைக் குழு தீர்ப்புச் சொல்லி, படகோட்டியின் உரிமத்தைப் பிடுங்குவதோடு புத்தகம் முடிந்துவிடும். அதோடு அந்த மனிதரும் முடிந்துவிட்டதாகவே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அவருக்கு வயசாகிக் கண்ணு போயிடுச்சு. இந்தப் புத்தகத்தை எங்க வீட்டுக்குள்ளயே விடமாட்டார். இப்ப திடீர்னு, எங்கயாவது தேடிப் பிடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டுன்னார். அதான் வந்தேன். உள்ள வாங்க."

பின்னறையில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலியில் அவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய கைகள். மடியில் புத்தகம்.

"யாரு?"

"புத்தகம் குடுத்தவங்கப்பா."

"ஓரத்துல எழுதினவங்களா?" முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. "உக்காருங்கம்மா. உங்ககிட்ட எனக்கு நிறைய சண்டை பாக்கி இருக்கு."

மகள் ஓரத்து எழுத்தையும் சேர்த்தே படித்திருக்கிறாள். முதல் நாள் புத்தகத்தின் வரி என்று நினைத்துத் தவறிப் படித்துவிட்டாளாம். அதற்குப் பிறகு அவர் விடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் 'ஓரத்துல என்ன?' என்று கேட்கத் தொடங்கிவிட்டாராம்.

"இன்ஜினை ஏன் நிறுத்தினான், பைத்தியமான்னு எழுதியிருக்கீங்க. நான் நிறுத்தல. அதுவா நின்னுச்சு. தண்ணி ஏறினா எந்த இன்ஜின் ஓடும்? நீங்க படகு ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லங்கய்யா. நான் பல் கட்டற வேலை செய்யறேன். பொய்ப்பல்."

"அப்ப வாயைப் பத்தி எழுதுங்க, இன்ஜினைப் பத்தி எழுதாதீங்க."

வாசலில் நின்ற மகள் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். பேரிடர் அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"கொடி விஷயத்துல நீங்க எழுதினதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றார் அவர், அதே குரலில்.

"ஐயா, எல்லாத்தையும் அழிச்சுடறேன்."

"எதுக்கு? விசாரணையில கேட்டாங்க. அதுக்கப்புறம் எவனும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. பேசினதெல்லாம் முதுகுக்குப் பின்னாலதான். நீங்கதான் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கீங்க." புத்தகத்தைத் தடவி நீட்டினார். "இவ ஒரு இடத்துல நிறுத்திட்டா. அப்புறம் படிக்கறேன், அப்புறம் படிக்கறேன்னு சாக்கு சொல்றா. நீங்க படிங்க."

பக்கத்தில் ஒரு துணித்துண்டு அடையாளமாக இருந்தது. திறக்காமலே அவளுக்குத் தெரிந்தது எந்தப் பக்கம் என்று. மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

அவள் படித்தாள். 'படகு கவிழ்ந்த சிறிது நேரத்தில் படகோட்டி கரையில் காணப்பட்டார். அவருடன் எவரும் இல்லை.' பத்தி முடிந்ததும் நிறுத்தினாள்.

"ஓரத்துல?"

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். கண் தெரியாத மனிதர், யார் பார்க்கப் போகிறார்கள். வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. அவ்வளவு நேரம் நேருக்கு நேராகப் பேசியவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"நீந்தத் தெரிந்தவன், ஒரு குழந்தையையாவது இழுத்து வந்திருக்கக் கூடாதா... அப்படின்னு எழுதியிருக்கேன்."

 அவருடைய பெரிய கைகள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

"அதைத்தான் நானும் தெரிஞ்சுக்கணும்" என்றார் கடைசியில். "தண்ணியில விழுந்தது ஞாபகம் இருக்கு. கரையில கிடந்து நடுங்கினது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல. யாரையாவது பிடிச்சேனா, பிடிச்சவங்களை உதறிட்டு வந்தேனா, தெரியல. புத்தகம் எழுதினவர் எல்லாரையும் கேட்டிருப்பாரு, அதுல இருக்கும்னு நெனச்சேன். இருக்கா?"

அத்தியாயம் எதிலும் இல்லை. ஆனால் அவள் படிக்கிற விதம் வேறு. யாரும் திருப்பாத பின்னிணைப்பு, பொடி எழுத்தில் பிழைத்தவர்களின் வாக்குமூலம், எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். விரல் தானாகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனது. போன விரல் தயங்கியது. உறுதியில்லாத ஒன்றை ஒரு மனிதரின் கையில் எப்படிக் கொடுப்பது?

"ஒண்ணு இருக்குங்கய்யா. ஆனா அது நீங்கதான்னு சொல்ல முடியாது."

"படிங்க."

பாத்திர வியாபாரி ஒருவர் சொன்னது அது. தண்ணீரில் தத்தளித்தபோது யாரோ ஒரு பலகையைத் தன் பக்கம் தள்ளி, விடாதே என்று சொன்னார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

"நானா இருக்காது" என்றார் உடனே. பிறகு, "ஆம்பளைக் குரலாமா?"

"அது போடலைங்க."

"அந்த வியாபாரி இருக்காரா இப்ப?"

அவளுக்குத் தெரியவில்லை. அவரையும் அவள் புத்தகத்தோடு முடித்துத்தான் வைத்திருந்தாள். கடையை விட்டு வெளியே வந்ததும் பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நடந்துகொண்டே டிக்கெட் பரிசோதகரை அழைத்தாள். மருந்துக்கடைக்காரரை அழைத்தாள். குழு முழுக்கக் கேட்டாள். வீட்டில் கணவர் தனியாகக் கட்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தார். அதன் ஒரு காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்தவள் கைபேசி ஒலித்ததும் விட்டுவிட்டாள். கட்டில் அவர் பாதத்தில் விழுந்தது.

"இதுவும் பேரிடர்தான், இதையும் எழுதி வை" என்றார் அவர், ஒற்றைக் காலில் நின்றபடி.

நாத்தனார் வந்து சேர்ந்து, அந்த அறையில் மருந்து வாசனை ஏறிய பிறகுதான் துப்புக் கிடைத்தது. டிக்கெட் பரிசோதகர் தன் ரயில் போகிற ஊர்களில் எல்லாம் பாத்திரக் கடைகளில் விசாரித்திருந்தார். வியாபாரி கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஒரு பிற்பகல், திரைச்சீலைக் கடையின் பின்னறையில், பேரிடர் அக்கா எண்ணை அழுத்தி, விஷயத்தைச் சொல்லி, கைபேசியைப் படகோட்டியின் கையில் வைத்தாள்.

"முகம் பாக்கலைங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல். ஒலிபெருக்கியில் அறை முழுக்கக் கேட்டது. "குரலைக் கேட்டா தெரியுமோ என்னமோ. அந்த வார்த்தையைச் சொல்லுங்க பாப்போம்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விடாதே" என்றார்.

வியாபாரி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "தெரியலைங்களே. நான் பொய் சொல்ல விரும்பல."

"பரவாயில்லை. பொய் வேண்டாம்." அவர் கைபேசியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அன்னிக்கு நீங்க படகுல எந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"பின்பக்கம். பாத்திர மூட்டை மேல."

"அந்த மூட்டை உங்களுதா? நகர்த்தி வைன்னு கத்தினேனே."

"நீங்கதானா அது? ஆமா, திட்டினீங்க. கெட்ட வார்த்தை வேற சொன்னீங்க."

படகோட்டியிடமிருந்து இருமலா சிரிப்பா என்று பிரித்தறிய முடியாத சத்தம் ஒன்று வந்தது. பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். அன்று அடித்த காற்றைப் பற்றி, மூட்டையைப் பற்றி, முன்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தைப் பற்றி. பேரிடர் அக்காவால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. முன்கடைக்கு வந்து துணிச்சுருள்களை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். பின்னாலேயே வந்த மகள், பாதி தைத்திருந்த நீளத் திரையின் ஒரு நுனியை அவள் கையில் கொடுத்தாள்.

"சும்மா நிக்காதீங்கக்கா. இதை இழுத்துப் பிடிச்சுக்குங்க, மடிப்பு நேரா வரட்டும்."

அவள் பிடித்துக்கொண்டாள். உள்ளே பேச்சு இன்னும் முடியவில்லை.