கடைசியாக நின்ற பெயர்

மாதம் ஒருநாள் ராஜபாளையத்தில் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும். பராமரிப்பு வேலை, மாலை ஐந்துக்குத்தான் திரும்பி வரும். 1997 ஆவணியிலும் அப்படித்தான். ஒன்பதுக்குள் மில்லின் மூன்று கம்ப்யூட்டர்களையும் பரிபூரணம் அணைத்தாக வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று கோத்தவை. முதலில் அவற்றில் பதிவு போட்டுக்கொண்டிருப்பவர்கள் வெளியேற வேண்டும்; பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் குடோனில் இருப்பது, அடுத்து இங்குள்ள இரண்டாவது, கடைசியில்தான் தலைமை. வரிசை பிசகினால் மில்லின் நூல் இருப்பு விவரமெல்லாம் கந்தலாகிவிடும்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் வர வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். அதனாலோ என்னவோ, யாரும் வருவதே இல்லை. வீட்டிலும் அதே கதைதான். அம்மா போனபிறகு, நாற்பத்தைந்து வயதில், அவளுக்குப் பேச்சுத்துணை தங்கபாய் ஒருத்திதான். குடோனில் பதிவு போடுகிறவள். பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனாலும் நேரில் பார்த்ததில்லை. காலையில் பரிபூரணம் ‘சாப்டாச்சா அக்கா’ என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவாள். ‘ஆச்சு’ என்று திரையில் பதில் வரும். அதைப் பார்த்த பிறகே இவள் தன் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

பத்து நாளாகப் பதில் இல்லை. பதிவுகள் ஏன் தாமதம் என்று மானேஜர் எகிறியபோது தங்கபாய் பெயரைச் சொன்னது இவள்தான். அக்காவுக்குக் கோபம் இருக்காதா பின்னே!

எட்டு ஐம்பது. எல்லாரும் வெளியே வரும்படி செய்தி அனுப்பினாள். திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தங்கபாய் மட்டும் நின்றது. வலுக்கட்டாயமாக வெளியேற்ற ஒரு கட்டளை போதும். ஆனால் பாதியில் நிற்கும் பதிவு கெட்டுப்போகும். பழி மறுபடி அவள் தலையில் விழும். பரிபூரணத்துக்கு மனசு வரவில்லை. குடோனுக்குப் போன் போட்டாள். வாட்ச்மேன் வீரணன் எடுத்தார்.

“அண்ணே, தங்கபாய் அக்காவ சீக்கிரம் வெளிய வரச் சொல்லுங்க. நேரமாச்சு.”

“அவியளா? வேலைய விட்டுட்டு மக வீட்டுக்குப் போயி பத்து நாளாச்சேம்மா. பொட்டிய அணைக்காம போயிட்டாவ போல. அப்படியே எரிஞ்சுட்டுக் கெடக்கு.”

பரிபூரணம் திரையில் நின்ற அந்தப் பெயரைப் பார்த்தாள்.

“என்னமோ எழுதியும் கெடக்கும்மா.” வீரணன் எட்டாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டினார். “சாப்…டாச்சா அக்கா. சாப்டாச்சா அக்கா. கோ…வமா அக்கா. தப்பு என் மேலதான். பொறவும் சாப்டாச்சா… இதுதான் நெறைய. யாரும்மா எழுதுனது?”

எட்டு ஐம்பத்தேழு.

“மிசினு தானா எழுதுறதுண்ணே,” என்றாள். அவமானத்தில் காது மடல் சுட்டது.

தங்கபாயை வெளியேற்றினாள். குடோன் இயந்திரத்தை அணைத்தாள்.

“எல்லாம் அழிஞ்சிட்டும்மா,” என்று சொல்லிப் போனை வைத்தார் வீரணன்.

இரண்டாவதும் அணைந்தது. தலைமையை அணைக்கும்முன் அது வழக்கம்போல், உள்ளே இன்னும் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் காட்டியது. ஒரே ஒரு பெயர், பரிபூரணம்.