கோச் ப்ரூயிட்டும் கிழட்டுக் கழுதையும்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு, பெல் கிரீக் மளிகைக் கடை வாசலில், வண்டிகள் நிறுத்துகிற இடத்தின் கடைசி வரிசையில், கோச் வெண்டெல் ப்ரூயிட் தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்தபடி, தன் வேலைக்கு அடுத்து யார் வரப்போகிறார் என்று போனில் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பெயர்கள் அடிபட்டன. கல்லூரிக்கு வாரிக் கொடுக்கும் கோழிப்பண்ணை முதலாளியின் விமானம் முந்தின நாள் பத்து நாற்பதுக்கு வேறு மாநிலத்து டல்சா நகரில் இறங்கி, ஐம்பது நிமிஷம் நின்றிருக்கிறது. அந்த விமானத்தின் வாலில் இருக்கும் எண் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை மறப்பார்கள், அதை மறக்கமாட்டார்கள். ஐம்பது நிமிஷத்தில் ஒரு புது கோச்சைப் பார்த்து, பேசி, கை குலுக்கிவிடலாம் என்று ரசிகர்களின் இணையப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். முதலாளி போனது பொலிகாளை வாங்க என்று இன்னொருவர் எழுதியதை யாரும் சட்டை செய்யவில்லை. வெண்டெலும்தான். அவரே அந்த விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று காலையிலிருந்து நாலு தடவை பார்த்தாயிற்று.

அலபாமாவில் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவது. பெல் கிரீக் கல்லூரியில் அதை இருபத்தாறு வருஷம் நடத்தியவர் ஹாலிஸ் கேரிட்டி. நாலு முறை தேசக் கோப்பை. மைதான வாசலில் அவருக்கு ஆளுயரத்துக்கும் மேலே ஒரு வெண்கலச் சிலை. சிலை வலது கையை நீட்டி எதையோ சுட்டிக்காட்டும். வெற்றி இருக்கும் திசை என்றான் சிற்பி. வெண்டெல் பதவிக்கு வந்த முதல் நாள் தன் அலுவலக ஜன்னல் திரையை விலக்கியபோதுதான் தெரிந்தது, அந்த விரல் நேராக அவருடைய நாற்காலியைக் காட்டுகிறது என்று. அன்று மூடிய திரைதான்.

அவர் கணக்கு இதுதான்: முதல் வருஷம் ஏழு வெற்றி, ஐந்து தோல்வி. இந்த வருஷம் ஆறு வெற்றி, ஐந்து தோல்வி. பாக்கி இருப்பது சனிக்கிழமை ஹார்ட்லி கல்லூரியோடு ஆடும் ஆட்டம் ஒன்று. கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் ராய்ஸ் டில்லரி அவரைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை காலையில ஆபீசுக்கு வா வெண்டெல், உக்காந்து பேசுவோம்" என்று சொல்லியிருந்தார். உட்கார வைத்துப் பேசுவது எதற்கென்று அந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரியும். நல்ல சேதியை நின்றுகொண்டே சொல்வார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு வெண்டெல் செய்த காரியத்தைத்தான் இனிச் சொல்ல வேண்டும். இணையப் பக்கத்தில் 'கிழட்டுக் கழுதை' என்ற பெயரில் நுழைந்து எழுதினார்: "விமானத்தை விடுங்கப்பா. டல்சாக்காரன் வந்தா என்ன, வராட்டி என்ன? ப்ரூயிட்டுக்கு முட்டைக்கோஸ்ல கண்ணு மூக்கு வரைஞ்ச மாதிரி ஒரு தலை. அது உள்ள கேரிட்டியோட அட்டை ஒண்ணுதான் இருக்கு."

ஐந்து நிமிஷத்தில் நூற்றிருபது பேர் 'ஆமாம்' போட்டார்கள். வெண்டெலுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இந்தக் கூத்து தொடங்கியது போன வருஷம் அக்டோபரில். தன்னைத் தானே ஆதரித்து நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் கழுதையாக உள்ளே போனார். "கோச்சுக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க" என்று எழுதிய உடனே, "நீ அவன் மச்சினன்தானே?" என்று கேட்டார்கள். மூன்று வாரம் மச்சினனாகவே இருந்தார். யாரும் மதிக்கவில்லை. சரி, நம்பிக்கை வரட்டும் என்று ஒரே ஒரு குறையை எழுதினார். கைதட்டல். இன்னொன்று எழுதினார். இன்னும் பலத்த கைதட்டல். பாராட்டு கிடைத்துப் பழகாத மனிதர், விட முடியவில்லை. ஊரில் மற்றவர்கள் குத்துமதிப்பாகத் திட்டினார்கள். கழுதை ஆதாரத்தோடு திட்டியது. வெண்டெலின் குறைகள் வெண்டெலைவிட வேறு யாருக்கு விவரமாகத் தெரியும்? இந்த நவம்பரில் 'ப்ரூயிட்டை அனுப்புவோம்' கட்சிக்குக் கழுதைதான் தலைவர்.

அந்த அட்டை சமாசாரம் உண்மை. கேரிட்டி ஓய்வு பெற்றபோது மேஜை இழுப்பறையில் விட்டுப்போன, பிளாஸ்டிக் உறை போட்ட கையகல அட்டை. எந்த நிலைமையில் என்ன செய்வது என்று அவர் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். பத்து கஜம் முன்னேற நாலு முயற்சி. மூன்று முயற்சியில் ஒன்பது கஜம் வந்து ஒரு கஜம் மிச்சமிருந்தால், நாலாவதில் மோதிப் பார்க்கலாம். தவறினால் அந்த இடத்திலேயே பந்து எதிரிக்கு. அல்லது பந்தைத் தூரமாக உதைத்து எதிரியிடம் கொடுத்துவிட்டு, நம் தடுப்பாட்டக்காரர்கள் மேல் பாரத்தைப் போடலாம். அட்டை சொன்னது: 'உதை.' வெண்டெல் இரண்டு வருஷமாக உதைத்தார். தோற்றால், கேரிட்டியும் இதைத்தான் செய்திருப்பார் என்று நிம்மதியாகத் தோற்கலாம்.

கழுதை இதற்கும் பதில் எழுதியிருந்தது: "கேரிட்டி உதைச்சாருன்னா அவர்கிட்ட இருந்த தடுப்பாட்டம் இரும்புக் கதவு. நம்மகிட்ட இருக்கிறது கொசுவலை. கொசுவலையை நம்பி எவனாவது கதவைத் திறந்து வைப்பானா?"

புதன்கிழமை காலைச் சாப்பாட்டில் இதையே மனைவி நோரீன் வாசித்துக் காட்டினாள்.

"யாரோ தெரியல, இந்தக் கழுதைக்கு ஆட்டம் தெரியுது வெண்டெல்."

வெண்டெல், பிஸ்கட் என்று அந்த ஊரில் சொல்லும் மெத்து ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி, "என்னை முட்டைக்கோஸ்னு சொல்றான்" என்றார்.

"அது கொஞ்சம் ஓவர்தான். ஆனா கொசுவலை சரியாத்தானே இருக்கு? நானும் போன வருஷமே சொன்னேன்."

"நீ எப்ப சொன்ன?"

"சாக்ஸ் மடிச்சுட்டே சொன்னேன். நீ அட்டையைத் தொடச்சிட்டிருந்த."

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வானொலி நிகழ்ச்சி. வாராவாரம் கெளுத்தி வறுவல் கடையில் மேடை போட்டு, கோச்சை உட்கார வைத்து, ஜனங்கள் போனில் கேள்வி கேட்பார்கள். கேரிட்டி காலத்தில் 'எப்படி ஐயா இப்படி ஜெயிக்கிறீங்க?' என்று கேட்ட நிகழ்ச்சி. நடத்துகிற பக் லாம்பர்ட் முதல் அழைப்பை எடுத்தார்.

"வணக்கம் கோச். நான் லெட்டா மே, ஸ்கைலர் ரோட்டுலேர்ந்து. எனக்கு எழுபத்தொம்பது வயசு. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"ரொம்ப நன்றிங்கம்மா."

"இருங்க, இன்னும் முடிக்கல. கிழட்டுக் கழுதை எழுதினதைப் பேரன் அச்சடிச்சுக் கொடுத்தான். படிக்கிறேன், பதில் சொல்லுங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடி எடுத்து, நிறுத்தி நிதானமாக, இரும்புக் கதவிலிருந்து கொசுவலை வரைக்கும் படித்தாள். முட்டைக்கோசையும் விடவில்லை. கடையில் இருந்தவர்கள் வறுவலை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். தான் எழுதியது காதால் கேட்க இன்னும் நன்றாக இருக்கிறது என்று வெண்டெலுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்புறம்தான் பதில் சொல்ல வேண்டியது தானே என்பது உறைத்தது.

"அது வந்துங்கம்மா... வெளியிலேர்ந்து பாக்கிறவங்களுக்கு எல்லாம் சுலபமாத் தெரியும். அந்தாளு ஒரு நாளாவது மைதானத்துல நின்னிருப்பானா? பேர் போட்டு எழுதத் தைரியமில்லாத ஆளு."

கடை முழுக்க "ஊ" என்றது. பின் மேஜையிலிருந்து ஒருவர், "கழுதையைத் திட்டாதய்யா! அது ஒண்ணுதான் எங்களுக்காகப் பேசுது!" என்று கத்தினார்.

"சரி கோச்," என்றாள் லெட்டா மே, "சனிக்கிழமை நாலாவது முயற்சி, ஒரு கஜம்னு வந்தா உதைப்பீங்களா, மோதுவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"நிலைமையைப் பொறுத்துங்கம்மா."

"அப்ப உதைப்பீங்க" என்று சொல்லி அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அந்த நிலைமை வந்தது. இருபத்தொன்றுக்குப் பதினேழு, ஹார்ட்லி முன்னால். மூன்று நிமிஷம் பாக்கி. நடுக்கோட்டுக்கு ஏழு கஜம் இந்தப் பக்கம், நாலாவது முயற்சி, ஒரு கஜம். வெண்டெலின் கை பழக்கத்தில் அட்டை இருக்கும் சட்டைப்பைக்குப் போனது. உதைக்கிற பையன் கேட்காமலே தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எழுந்தான். இரண்டு வருஷப் பழக்கம் அவனுக்கும்.

மாணவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு குரல் ஆரம்பித்தது. "கழுதை! கழுதை!" அரை நிமிஷத்தில் அறுபதாயிரம் பேர், "கழுதை! கழுதை!"

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அந்த மைதானத்தில் ஒரே ஆளுக்குத்தான் தெரியும். உதைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். அட்டைப்படி தோற்கலாம், கௌரவமாகப் போகலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை மளிகைக் கடை வாசலில் கழுதை என்ன எழுதும் என்பதும் அவருக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரிந்தது. கேரிட்டி மேலிருந்த பயத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

"உக்காருடா" என்றார் உதைக்கிற பையனிடம். அவன் புரியாமல் நின்றான். "உக்காருன்னேன். மோதப் போறோம்."

கொழுத்த பையன் ஒருவன் பந்தோடு குவியலுக்குள் விழுந்தான். நடுவர்கள் ஆட்களை ஒவ்வொருவராக உரித்து எடுத்து அளந்தார்கள். ஒரு கஜத்துக்கு மேல் நாலு விரற்கடை. அங்கிருந்து எட்டு முயற்சியில் எல்லைக்கோட்டைத் தாண்டி, ஏழு புள்ளி சேர்த்து, இருபத்துநாலுக்கு இருபத்தொன்று என்று ஜெயித்தார்கள். ஜனங்கள் வெண்டெலைத் தோளில் தூக்கவில்லை. யாரோ ஒரு நிஜக் கழுதையைக் கூட்டி வந்திருந்தார்கள். அதற்கு மாலை போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராய்ஸ் டில்லரி நின்றுகொண்டே வரவேற்றார். வெண்டெலுக்கு உயிர் வந்தது.

"இன்னும் ரெண்டு வருஷம் நீதான் வெண்டெல். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க ராய்ஸ்."

"அந்தக் கழுதை யாருன்னு கண்டுபிடி. ஆலோசகரா வெச்சுக்குவோம். முதலாளி விமானத்தையே அனுப்பத் தயாரா இருக்கார், எங்க இறங்கணும்னு மட்டும் கேக்கறார்."

முட்டைக்கோஸ், கொசுவலை, நானூற்றுச் சொச்சம் பதிவுகள், எல்லாம் வெண்டெலின் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. ஒப்புக்கொண்டால் வேலை போகாது; ஆனால் சாகிற வரைக்கும் ஊரில் கோழி கூடச் சிரிக்கும்.

"அவர் வரமாட்டார். எனக்கு... கொஞ்சம் பழக்கம்."

"உனக்குப் பழக்கமா?" ராய்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் ஏன்யா ரெண்டு வருஷமா அவர் பேச்சைக் கேக்கல?"

இந்தக் கேள்வியைக் கழுதைகூட இதுவரை கேட்டதில்லை.

"எழுதிக் கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, நேராக மளிகைக் கடை வாசலுக்குப் போய், கடைசி வரிசையில் வண்டியை நிறுத்தி, அடித்து அடித்துத் திருத்திக் கழுதையின் கடைசிப் பதிவை எழுதினார்: "எனக்கு வேலை எதுவும் வேண்டாம். ப்ரூயிட் சொன்னதைக் கேட்டுட்டார். இனி அவரை அவர் பாட்டுக்கு விடுங்க. நான் ஓய்வு எடுத்துக்கறேன்."

பதில்கள் உடனே வந்தன.

"காசு வாங்கிட்டான்."

"இது கழுதை எழுதினது இல்ல. வேற எவனோ."

"பழைய கழுதை இப்படியா எழுதும்? அந்தக் காலத்துக் கழுதை கழுதைதான்யா."

'அந்தக் காலம்' என்பது போன செவ்வாய்க்கிழமை. கடைசியாக வந்தது, "நீ ப்ரூயிட்டோட மச்சினன்தானே?"

வெண்டெல் போனைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மனசு கேட்கவில்லை. மூன்றாம் கால் பகுதியில் தேவையே இல்லாமல் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, எண்ணிக் கொடுத்த நிறுத்தங்களில் ஒன்றை வீணாக்கினாரே, அதை எவனும் கவனித்ததாகத் தெரியவில்லை. எழுதினார்: "ஜெயிச்சதும் மயங்கிட்டீங்களா? மூணாம் கால் பகுதியில அந்த முட்டைக்கோஸ் என்ன பண்ணுச்சுன்னு ஒருத்தராவது பாத்தீங்களா?"

முதல் நிமிஷத்தில் நாற்பது 'ஆமாம்' விழுந்தது. "கழுதை வந்துடுச்சு!" என்று ஒருவர் எழுதினார்.

வெண்டெல் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, விவரமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.