வூட்டோட தங்குற வேலை

ஐஸில் புதைந்து கிடந்த இறாலை அள்ளித் தகரத் தட்டில் கொட்டிவிட்டு, சில்வியா மறுபடி உரிக்க உட்கார்ந்தாள். காசிமேட்டு ஷெட்டில் விடியற்காலையிலிருந்து இதே வேலை. தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போட்டு விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பக்கத்தில் நவ்ரீன். அவளுக்கு இடது காது கேட்காது. சில்வியா வலது பக்கமாகக் குனிந்து பேசினாள்.

"அக்கா, குவைத்துல ரெண்டு வேலை கீதாம். ஒண்ணு வூட்டோட தங்குறது. இன்னொண்ணு கிளீனிங் கம்பெனி. ஹாஸ்டல்ல தங்கிக்கினு காலைல வேன்ல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். ரெண்டுல எதுக்குப் போறது?"

நவ்ரீனின் கை நின்றது. அவள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தவள்.

"இந்தக் காது எப்டி போச்சு தெரியுமா? பால் பொங்கிடுச்சுன்னு அந்தம்மா கரண்டியால ஓங்கி ஒண்ணு விட்டா. ரத்தம் தோள்ல வழியுது, அப்டியே அடுப்பத் தொடைன்றா. கத்துனா யாருக்குக் கேக்கும்? ஒருநாள் கிச்சன் ஜன்னல்லேர்ந்து குதிச்சிட்டேன். இடுப்பு ஒடிஞ்சப்புறந்தான் அந்த ஊரு ரோட்டையே பாத்தேன்." ஒரு இறாலின் தலையைத் திருகிப் போட்டாள். "ஹாஸ்டல்னா பத்து பொம்பளைங்க இருப்பாங்க. ஒருத்தி திரும்பி வரலன்னா மீதிப் பேரு கேப்பாளுங்க. நீ அங்கயே போ."

சாயங்காலம் ராயபுரத்து ஒற்றை அறை வீட்டில், ஹாஸ்டல் வேலைக்கே போவதாகப் புருஷனிடம் சொன்னாள். ஆண்ட்ரூ ஹார்பரில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலையில் இருந்தவன். இரும்புக் கம்பி விழுந்து பாதம் நசுங்கியதும் கான்ட்ராக்டர் அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டான். அதற்கப்புறம் ஊன்றுகோலும் கட்டிலுமாகக் கிடந்தான்.

"வூட்டு வேலைக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி. சோறும் அவங்களே போட்றாங்க. ஏஜென்ட்டாண்ட சரின்னு சொல்லிட்டேன்."

"என்னைக் கேட்டியா? அங்க தங்கப்போறது நானு."

"ஹாஸ்டல்ல இருந்துகினு எவன்கூட சுத்தலாம்னு பாக்குற?"

"சுத்தறதுக்குக் கடல் தாண்டிப் போவணுமா? உன் காலு நல்லா இருந்தா நான் ஏன்யா போறேன்?"

ஊன்றுகோல் அவள் கன்னத்து எலும்பில் விழுந்தது. அடுப்பு மேடையில் சாய்ந்தவளின் தோளில் இரண்டாவது அடி. சட்டி கவிழ்ந்து, சூடான குழம்பு அவள் காலில் தெறித்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது அவள் கோலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒற்றைக் காலில் நின்றவன் குப்புற விழுந்தான். கோல் இப்போது அவள் கையில். தூக்கினாள். அவன் தலையை மறைக்கவில்லை. நசுங்கிய பாதத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான். அவள் வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு, கோலை வாசலில் எறிந்தாள். சத்தம் கேட்டு அங்கே கூடியிருந்த அக்கம்பக்கத்தார் கோலுக்கு விலகி வழிவிட்டார்கள். உள்ளே யாரும் வரவில்லை.

"எனக்கு வேற வழி இன்னாடி கீது," என்று தரையில் கிடந்தபடியே அழுதான் ஆண்ட்ரூ.

மறுநாள் வண்ணாரப்பேட்டையில், மாடியிலிருந்த ஏஜென்ட் ஆபீசுக்கு இருவரும் போனார்கள். ஏஜென்ட் பக்தவச்சலம் அவள் கன்னத்தைப் பார்த்தான். பவுடர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினான்.

"மேடம் வீடியோ கால்ல வர்றாங்க. கொஞ்சம் பூசிக்கம்மா."

"சார், எனக்கு ஹாஸ்டல் வேலை போதும்."

"அது நேத்தே ஃபுல்லு. இது வேணாம்னா சொல்லிடு, கீழ நாலு பேரு நின்னுகினு கீறாங்க."

படியேறும்போதே அவர்களைப் பார்த்திருந்தாள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை.

போனில் ஒரு பெண் தெரிந்தாள். சில்வியாவை இப்படியும் அப்படியும் திரும்பச் சொன்னாள். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி அரபியில் ஏதோ கேட்டாள். பக்தவச்சலம் பதில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

"இன்னா சார் கேக்குறாங்க?"

"புருஷன் அடிச்சானான்னு. ஆமான்னேன். அப்ப பழகினவதான்றாங்க." போனை அவள் பக்கம் திருப்பினான். "நீ தங்கப்போற ரூமைக் காட்றாங்க, பாரு."

மாடிப்படி, வாஷிங் மெஷின், அதற்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய அறை. தரையில் மெத்தை, சுவரில் ஒரு ஃபேன். ஜன்னல் இல்லை.

"தனி ரூமு. ஹாஸ்டல்ல கெடைக்குமா இது? ஓகேவாம்மா?"

வீங்கிய உதட்டை அவள் பிரிப்பதற்குள், "ஓகே சார்," என்றான் பின்னால் நின்ற ஆண்ட்ரூ.

போனில் காட்சி அந்த அறைக்கு வெளியே வந்தது. கதவு சாத்தப்பட்டது. அதன் வெளிப்பக்கம் பளபளவென்று ஒரு புதுத் தாழ்ப்பாள். மோதிரம் போட்ட கை ஒன்று அதை ஒருமுறை தள்ளிப் பூட்டி, எவ்வளவு சுலபமாக நகர்கிறது பார் என்பதுபோல் மறுபடி இழுத்துக் காட்டியது.