மூன்று பந்திக்கு எத்தனை தட்டு?

சைனம்பு சைக்கிள் பெல்லை அடித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டீம் லீடர் நான். பெல் என் முன்னால்தான் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றுகிற கம்பெனி எங்களுடையது. 1991 ஆயுத பூஜை. மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும் சூப்பர்வைசர் ராஜசேகரன் சார் கணக்குப் புதிர்ப் போட்டி நடத்துவார். காயில் பிரிவுக்கும் பேக்கிங் பிரிவுக்கும் போட்டி. முதலில் சைக்கிள் பெல்லை அடிக்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்லும் வாய்ப்பு. ஜெயிக்கிறவர்கள் சொல்கிற இடத்துக்குத்தான் அந்த வருஷப் பிக்னிக் பஸ் போகும். பேக்கிங் நாகம்மா வருஷா வருஷம் ஜெயித்து, வருஷா வருஷம் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கே எங்களை இழுத்துப் போனாள். அங்கிருக்கும் கரடிக்கு என்னை அடையாளம் தெரியும்.

இந்தத் தடவை எங்களுக்கு மகாபலிபுரம் வேண்டும். சைனம்புவுக்காகத்தான். பூந்தமல்லியில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். நாற்பது வயதாகியும் கடலைப் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் மெரினா. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் யாருக்காவது காய்ச்சல், இல்லாவிட்டால் விருந்தாளி. "பாத்துக்கலாம் ஜெயா, கடல் எங்க ஓடிடப் போவுது" என்பாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

இரண்டு பிரிவும் சமமாக வந்து நின்றன. மிச்சம் ஒரே கேள்வி. சார் அட்டையைப் படித்தார்.

"ஒரு கல்யாண வீட்டில் மூன்று பந்தி. முதல் பந்தியில் இருபது பேர். அடுத்த ஒவ்வொரு பந்தியிலும் அதற்கு முந்தையதைப்போல் இரண்டு மடங்கு பேர். மொத்தம் எத்தனை தட்டு வேண்டும்?"

இருபது, நாற்பது, எண்பது என்று நான் விரல் விட்டுக்கொண்டிருக்கும்போதே சைனம்பு என் கையைத் தாண்டி பெல்லை அடித்து, "இருபது சார்" என்றாள்.

நாகம்மா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த பொரி பறந்தது. "நூத்தி நாப்பது சார்" என்றாள். அட்டைக்குப் பின்னால் எழுதியிருந்ததும் அதுதான்.

"இன்னாடி கணக்கு இது? கழுவி கழுவி வெச்சாக்கூட எம்பது வரும். இருபது எங்கேருந்து வந்துச்சு?" என்று சைனம்புவின் தொடையில் கிள்ளினேன்.

"பெரிய பந்தி எம்பது பேரு. நாலு பேருக்கு ஒரு தட்டு, இருபது. மத்த பந்திக்கும் அதே தட்டுதான்."

"நாலு பேருக்கு ஒரு தட்டா?" என்றார் சார்.

"சஹன் சார். எங்க ஊட்டுக் கல்யாணத்துல பெரிய தட்டா வெச்சு நாலு பேரு சுத்தி உக்காந்து சாப்புடுவோம். ஒரு தட்டுக்கு ஒருத்தர்தான்னு அட்டையில எங்க போட்டுகீது?"

சார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் போட்டிருக்கவில்லை.

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா."

"எங்க ஊட்ல யாருக்கும் தெரியாது சார்."

தோற்றுவிட்டுக் கதை விடுகிறாள் என்று நாகம்மா குதித்தாள். சைனம்பு அசரவில்லை. "ஞாயித்துக்கெயம என் தங்கச்சி மவளுக்கு நிக்காஹ். எல்லாரும் வந்து சாப்புட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள். தீர்ப்பைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைத்தார் சார். பிரியாணி என்றதும் நாகம்மாவும் வாயை மூடிக்கொண்டாள்.

பூந்தமல்லி மண்டபத்தில் ஆண்களுக்கு முன் பக்கம், எங்களுக்குப் பின் பக்கம். உட்கார்ந்த இடத்துக்கே தண்ணீர் கொண்டுவந்து கை கழுவவிட்டார்கள். எங்கள் சஹனைச் சுற்றி நான், நாகம்மா, சைனம்பு, அவள் தங்கை. அடுத்தவர் கை படுகிற தட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று நாகம்மா முதலில் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உன் முன்னாடி கீறது உன்னோடது, எடு" என்று சைனம்பு ஒரு கறித்துண்டை அவள் பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் நாகம்மா தன் பங்கை முடித்துவிட்டு என் எல்லைக்குள் புகுந்தாள். நானும் விடவில்லை, அவள் பக்கமிருந்த முட்டையை எடுத்துக்கொண்டேன். அப்படி வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு நான் எந்தப் பந்தியிலும் சாப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை நாகம்மாவே முதலில் எழுந்தாள். "இருபதுதான் சார் கரீட்டு. நானே உக்காந்து துன்னேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் சார் தலையைச் சொறிந்தார்.

"இல்லம்மா. நான் லேட்டா வந்தேன். இடமில்ல. வாங்க வாங்கன்னு கையைப் பிடிச்சு நாலு பேரு தட்டுல என்னையும் உக்கார வெச்சுட்டாங்க. அப்ப அஞ்சு பேருக்கு ஒரு தட்டு. பதினாறுதானே வருது?"

காயில் பிரிவு, பேக்கிங் பிரிவு என்று பார்க்காமல் மொத்தக் கூடமும் சிரித்தது. சார் அட்டையை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, "மகாபலிபுரம்" என்றார்.

அங்கே பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாங்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடினோம். சைனம்பு செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நேராகத் தண்ணீருக்குப் போனாள். புடவை முழங்கால்வரை நனைந்தது. அலை வந்து மோதும்போதெல்லாம் சின்னப் பெண்ணைப்போல் இரண்டு கையையும் விரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். அவள் மட்டும் வரவில்லை. சார் கரையில் நின்று, "சைனம்பு, இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்று கத்திவிட்டு வந்தார். வெகுநேரம் கழித்தும் அவள் தண்ணீரிலேயே நின்றாள். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். சார் மறுபடி இறங்கிப் போனார், பின்னாலேயே நானும்.

"அஞ்சு நிமிஷம்னு சொன்னேனேம்மா?"

சைனம்பு திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் உப்புத் தண்ணீர்.

"சொன்னீங்க சார். எப்பலேர்ந்துன்னு சொல்லலியே."

சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.